‘மேலும் படிக்க’வுக்குக் கீழே

டேங்க் மூடியை நகர்த்தியதும் உமாதேவியின் மூக்கில் முதலில் அறைந்தது வீச்சம்தான். பெருச்சாளி அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. வயிறு பலூனாக உப்பி, மல்லாந்து மிதந்தது. மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து தண்ணீர் முழுக்கப் பரவியிருந்தது.

துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு ஓங்கரித்தாள். பேக்டரி வேலைக்கு மைசூர் வந்து, மேட்டகள்ளிப் பக்கம் தங்கிவிட்ட நாற்பது தமிழ்க் குடும்பங்களின் காலனி அது. தண்ணீர் ஏற்றுவதும் வால்வைத் திறப்பதும் அவள் பொறுப்பு. இன்று காலை ஆறு மணிக்குத் திறந்துவிட்டதும் அவள்தான். நாற்பது வீட்டுக் குடங்களிலும் இப்போது இந்தக் கஷாயம்தான்.

வால்வை மூடினாள். போட்டோ எடுத்துச் சங்கத் தலைவர் சந்திரனுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டாள். காலனி வாட்ஸ்அப் குரூப்பில் அவர் ஒருவர்தான் எழுத முடியும். மற்றவர்கள் அதன் கீழே எமோஜி பொம்மை ஒட்டலாம், அவ்வளவுதான்.

“அண்ணா, டேங்க்ல பெருச்சாளி செத்து ஊறிக் கெடக்கு. காலைல புடிச்ச தண்ணிய யாரும் குடிக்க வேண்டாம்னு உடனே போடுங்க. போட்டோவும் சேத்து.”

“சீ சீ, போட்டோ எதுக்கும்மா, அசிங்கமா. நான் முறையா எழுதிப் போடறேன். நீ டேங்கைக் கவனி.”

கம்பை விட்டுத் தூக்கினாள். வால் மட்டும் கம்போடு வந்தது. உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது. மறுபடி ஓங்கரிப்பு. பக்கெட்டை இறக்கி அதை ஒருவழியாக வெளியே எடுத்தபோது போன் கிணுகிணுத்தது.

‘பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட காலனிச் சொந்தங்களே! அனைவருக்கும் இனிய காலை வணக்கம். நமது தண்ணீர்த் தொட்டி அமைந்து ஆறு ஆண்டுகள் நிறைவுறும் இவ்வேளையில், அல்லும் பகலும் அயராது உழைத்த நிர்வாகிகளுக்கு…’

அதோடு வெட்டி, ‘மேலும் படிக்க’ என்று நின்றது. தட்டினாள். நன்றி, நன்றிக்கு நன்றி, நாலு பத்தி. அடிமட்டத்தில், ‘தவிர்க்க இயலாத காரணங்களால் இன்றைய நீரைப் பருகுவதைச் சற்றே தவிர்த்துக்கொள்ளுமாறு பணிவன்புடன்…’

முப்பத்தோரு பேர் கும்பிடு பொம்மை ஒட்டியிருந்தார்கள். யாரோ ஒரு கேக்.

பெருச்சாளியைப் பார்த்தபோது வந்ததைவிட இப்போதுதான் அதிகமாகக் குமட்டியது.

இறங்கி ஓடினாள். முதல் வீட்டு வாசலில் பாப்பாயி சொம்பைச் சாய்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“மெசேஜ் பாக்கலியா அக்கா?”

“பாத்தனே. தலைவரு என்னமோ நன்றி சொல்லியிருந்தாரு. நானும் ஒரு கும்பிடு போட்டுட்டேன்.”

“கொட்டுங்க அத. பெருச்சாளி செத்த தண்ணி.”

பாப்பாயி துப்பிய சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. உமாதேவி நிற்கவில்லை. பத்தரைக்குச் சந்திரன் வீட்டில் அவர் மகள் மனிஷாவுக்கு வளைகாப்பு. வரப்போவது அறுபது பேர். அந்தப் பெண்ணுக்கு இது எட்டாம் மாதம்.

கூடத்தில் சந்திரன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மீசையில் வெள்ளையாக மோர். கையில் பாதி டம்ளர். அவர் மனைவி பாக்கியலட்சுமி மகளுக்கும் ஒரு டம்ளர் நீட்ட, மனிஷா அதை வாய்க்குக் கொண்டுபோனாள். உமாதேவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மோர் பட்டுப்புடவையில் கொட்டியது.

“ஏனாய்த்து அக்கா?” பதற்றத்தில் மனிஷாவுக்குக் கன்னடம்தான் வந்தது.

“எந்தத் தண்ணில கலக்கினது இது?”

“டேங்க் தண்ணிதான்” என்றாள் பாக்கியலட்சுமி. “ஏன்?”

“அண்ணன் போட்ட மெசேஜப் படிக்கலியா?”

“இருவத்தெட்டு வருசமா கேக்கறேன் இவரு பேச்ச. ரெண்டு வரிக்கு மேல எவ படிப்பா?”

உமாதேவி போட்டோவைக் காட்டினாள். பாக்கியலட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“அப்பா, தெரிஞ்சேவா குடிச்சீங்க?”

“மோருதானேன்னு…” சந்திரன் டம்ளருக்குள் பார்த்தார். “கடைசிப் பத்தில தெளிவா எழுதியிருக்கேனே…”

அதற்கு மேல் வரவில்லை, வேறு வந்தது. வாஷ்பேசினுக்கு ஓடினார். குடலே வெளியே விழுந்துவிடும்போல் சத்தம். வாய் கொப்பளிக்கக் குழாயைத் திறந்தவர், பைப்பில் மிச்சமிருந்தது ஒழுகியதும், நெருப்பைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

“போனக் குடுங்கண்ணா.”

கொடுத்தார். உமாதேவி போட்டோவை மேலே வைத்துத் தட்டினாள்: ‘டேங்கில் இன்று காலை செத்துக் கிடந்த பெருச்சாளி இது. காலையில் பிடித்த தண்ணீரைக் கொட்டுங்கள். குடித்திருந்தால் டாக்டரைப் பாருங்கள்.’ தமிழ் படிக்க வராத பிள்ளைகளுக்காக அதையே கன்னடத்திலும் எழுதினாள்.

சந்திரன் துண்டால் வாயை ஒற்றியபடி எட்டிப் பார்த்தார். “மொதல்ல ஒரு ‘அன்புடையீர்’ மட்டும் போட்டுடும்மா. மொட்டையா இருக்கு.”

உமாதேவி அவர் மீசையைப் பார்த்தாள். இன்னும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அனுப்பு பொத்தானை அழுத்தினாள்.

பக்கத்து வீட்டில் யாரோ ஓங்கரித்தார்கள். பிறகு ஒரு குடம் சாக்கடையில் கவிழும் சத்தம். எதிர்வீட்டில் இன்னொன்று. அப்புறம் தெரு முழுக்க.