இருபத்து நான்காவது தாள்

கார்பன் துணியை அடுக்கும்போது, அதன் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை அடுக்குக்கு ஒன்றாக உரித்துத் தொட்டியில் போட்டு, கடைசியில் எண்ண வேண்டும். பல்கலைக்கழக ஆய்வகத்தில் விசிறி இறக்கை செய்த ஆராய்ச்சி மாணவி எண்ண மறந்துவிட்டாள். இறக்கை ஆலைக்குப் போன பிறகு எண்ணினால், அடுக்கு இருபத்து நான்கு, தாள் இருபத்து மூன்று. ஒன்று உள்ளேயே மாட்டியிருந்தால் சுழலும்போது இறக்கை பிளந்து பறக்கும். ஆலையில் அதைச் சோதிப்பவன் அவள் அண்ணன்.

மூன்றாம் முறைதான் போனை எடுத்தான். "நல்லா சுத்துது, பக்கத்துலதான் நிக்கிறேன்."

"நிறுத்துண்ணா! ஓடு! உள்ள ஒரு தாள் மாட்டியிருக்கு போல!"

இரைச்சல் அடங்கியது. "நிறுத்தியாச்சு. மேனேஜர் அறுத்தே பாக்கச் சொல்லிட்டாரு."

நாற்காலியில் உட்கார்ந்தவள் ஆய்வகக் காலணியைக் கழற்றினாள். அடியில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது.

"அண்ணா..."

போனின் மறுமுனையில் ரம்பம் ஓடத் தொடங்கியிருந்தது.