காணாமல் போன உப்பு

இருபத்திரண்டு நாளாக என் கையால் உப்புத் தண்ணீர் ஊற்றிய புல், கண்ணாடிக் கூடத்தில் பச்சைப் பசேலென்று நின்றது. பக்கத்து வரிசையில் அதே தண்ணீரைக் குடித்த சாதாரணத் தீவனப்புல், இருக்கிற ஈரமும் போய்விடாமல் இலையைப் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு, நுனி கருகி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. கழிமுகத்துக் காட்டுப்புல்லோடு மூன்று வருடம் மல்லுக்கட்டி நான் உருவாக்கிய கலப்பு ஜெயித்துவிட்டது. கொண்டாட வேண்டியதுதானே? முடியவில்லை. சோதித்துப் பார்த்தால் அதன் இலைக்குள் உப்பு சொற்பம். தொட்டி மண்ணிலும் இருக்க வேண்டிய அளவு இல்லை. அடியில் ஓட்டையில்லாத தொட்டி, ஒழுகவும் வழியில்லை.

எங்கள் ஆராய்ச்சி நிலைய இயக்குநர் சுற்றி வளைக்கவில்லை. ஆசைப்பட்ட செடிக்கு மட்டும் நான் நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டதாக முகத்துக்கு நேராகச் சொன்னார். மறுநாள் பதினோரு மணிக்கு ஆள் வந்து தொட்டிகளை எடுத்துவிடும், ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது என்றார். பதினைந்து வருட வேலையில் என்னை யாரும் பொய்க்காரி என்றதில்லை.

கூடத்துக்குள் நுழைந்ததும் தினமும் என் முதல் வேலை, ஈரத் துணியால் இலைகளைத் துடைப்பது. பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது. சிமெண்ட் தூசு வெள்ளையாகப் படிந்திருக்கும். எனக்குத் தூசு என்றாலே ஆகாது. மழையைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுவேன் என்பார் என் கணவர். மறுநாள் காலை மட்டும் துணியைத் தூக்கி எறிந்தேன். குப்பைக்குப் போகிற செடிக்குக் குளியல் ஒரு கேடா?

முக்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது. கலப்புப் புல்லின் இலைகள் மினுமினுத்தன. பக்கத்து வரிசை மினுங்கவில்லை. இரண்டுக்கும் ஒரே கூரை, ஒரே சன்னல். தூசு என்ன ஆள் பார்த்தா உட்காரும்?

பூதக்கண்ணாடியோடு குனிந்தேன். இலை முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டிகள், ஒவ்வொன்றும் சதுரமாக. ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாதுதான். வைத்தேன்.

கரித்தது.

வேர் உறிஞ்சிய உப்பை இலை உள்ளே வைத்துக்கொள்ளவே இல்லை. தோலில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிட்டது. காட்டுப்புல்லின் வித்தை பிள்ளைக்கும் வந்துவிட்டது. நானோ தினமும் காலையில் அந்தச் சாட்சியைத் துடைத்து, வாளியில் அலசி, சாக்கடையில் கொட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பத்து மடங்கு சந்தோஷமாக இருந்தது. பைத்தியக்காரி மாதிரி தனியாக நின்று சிரித்தேன்.

பதினோரு மணிக்கு இயக்குநர் வந்தார், பின்னாலேயே தள்ளுவண்டியோடு ஒருவர். ஓர் இலையைக் கிள்ளி நீட்டினேன்.

"நக்கிப் பாருங்க சார்."

எனக்கு மூளை கலங்கிவிட்டதா என்று அவர் பார்த்துக்கொண்டிருக்க, வண்டிக்காரர் முந்திக்கொண்டு வாங்கி நாக்கில் வைத்தார். ஒரே கரிப்பு என்று முகத்தைச் சுளித்தார். இயக்குநர் நான் கொடுத்ததை நம்பாமல், கடைசித் தொட்டிக்குப் போய்த் தானே ஓர் இலையைக் கிள்ளினார். வாயில் வைத்தார்.

"இத்தனை நாளா இது எங்க போச்சு?"

"நான்தான் தொடச்சிட்டேன் சார். தூசுன்னு நெனச்சு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வண்டிக்காரரைப் போகச் சொன்னார். பிறகு, "நேத்து உங்களைச் சொன்னது தப்பு. எழுதியும் தர்றேன்," என்றார்.

வெறும் வண்டி கடகடவென்று வெளியே போனது. அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.