அரை வயிறு

எடைக்கருவியின் தொட்டிலில் இளம்பரிதி காலை உதறிக்கொண்டு தொங்கினான். இரண்டரை வயதுப் பிள்ளை. முள் ஒன்றரை வயதின் எடையிலேயே நின்றது. முத்தியால்பேட்டை அங்கன்வாடிக்கு மாதாமாதம் வரும் நர்ஸ் செந்தமிழ்ச்செல்விக்கு, எதையும் விளக்கிச் சொன்னால்தான் மனம் ஆறும். பிள்ளையின் தாய் கமலவேணிக்கு மறுபடி ஐந்து மாதம். அவளுக்கு நர்ஸ் சுவரிலிருந்த சுவிட்சுப் பலகையைக் காட்டினாள்.

"நம்ம ஒடம்பும் இதுமாதிரிதான். ஒயரிங் அப்பா அம்மா குடுக்கறது. அது மாறாது. எந்த சுவிட்ச் எரியணும், எது அணையணும்கறதுல, வயித்துல இருக்கறப்ப கெடைக்கிற சாப்பாடு, தூக்கம், மனக்கஷ்டம் எல்லாத்துக்கும் பங்கு இருக்கு. அர வயிறுன்னா உள்ள இருக்கற புள்ள, வெளிய பஞ்சம்போலன்னு சிக்கனத்துக்குப் பழகிடும். பெருசானப்புறம் அதுவே சக்கர வியாதியில கொண்டுவிடலாம்."

மாமியார் அமிர்தவல்லி வெடுக்கென்று திரும்பினாள். "கேட்டியாடி? எம் பேரன் நோஞ்சானா இருக்கறது ஒன்னாலதான்."

கமலவேணி பிள்ளைக்கு டிராயர் மாட்டினாள். பின்பக்கம் முன்னால் வந்திருந்தது.

செந்தமிழ்ச்செல்விக்குச் சுருக்கென்றது. சுவிட்சைக் காட்டியவள், அதன்மேல் எத்தனை பேர் கை இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தாள்.

"இவன் வயித்துல இருக்கறப்ப ராவுல என்னாம்மா சாப்ட்ட?"

"ஒரு கரண்டி சோறு, ரசம். புள்ள தல பெருத்தா வயித்தக் கிழிச்சிடுவாங்கன்னு அத்ததான்…" கமலவேணி நிறுத்திக்கொண்டாள்.

"நல்லதுக்குத்தான் சொன்னேன்." அமிர்தவல்லியின் குரல் இறங்கிவிட்டது. "எனக்கும் அப்டிதான் போட்டாங்க. மில்லு மூடிக் கெடந்தப்ப அதுவும் இல்ல. இவ புருசன் அப்ப வயித்துல. முப்பது வயசுலியே சக்கர மாத்திர போடறான்." சுவிட்சுப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப அது என்னாலயா நர்சம்மா?"

"அதனாலதான்னு யாராலும் அடிச்சிச் சொல்ல முடியாதும்மா. மில்லு மூடுனதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க? தப்பா விழுந்த சுவிட்செல்லாம் அப்டியே நின்னுடாது. இனிமே போடற சோத்துக்கும் வேல இருக்கு."

இன்னும் சொல்ல நிறைய இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அங்கன்வாடியில் பிள்ளைக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று என்று முட்டை தந்தார்கள். தாயின் முட்டை எப்போதும் அமிர்தவல்லியின் முந்தானை முடிச்சில் மகனுக்காக வீடு போய்ச் சேரும். இன்றும் முடிந்துகொண்டு வாசல்வரை போனாள். நின்றாள். முடிச்சை அவிழ்த்து, ஓட்டை உரித்து, மருமகளிடம் நீட்டினாள்.

"அவருக்கு?"

"அவன் கெடக்கறான். துன்னு."

கமலவேணி ஒரு கடி கடித்தாள். யாராவது போதும் என்று சொல்லிவிடுவார்களோ என்பதுபோல, முட்டையைக் கைக்குள் மறைத்தபடி மெல்ல மென்றாள்.