சர்வநாசம் என்று சொல்ல ஒரு வாய்

1

இந்தக் கதை அகராதியில் பிறந்தது. வேறெதையோ தேடிப் போன நான் 'சர்வநாசம்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். "எதுவும் மிஞ்சாத அழிவு" என்று பொருள் போட்டிருந்தது. அன்று காலைதான் பக்கத்து வீட்டில் அதே சொல் கேட்டது. அங்கே அழிந்தது, பொங்கி வழிந்த அரை டம்ளர் பால்.

2

[வானம் இருண்டது. நகரமே... — அடித்துவிட்டேன். நகரம் எதற்கு? ஒரு நோட்டு போதும்.]

புத்தகம் பைண்டிங் செய்யும் ஒரு பெண். பஸ்ஸைத் தவறவிட்டாலும் பட்டன் தெறித்தாலும் அவளுக்கு "சர்வநாசம்!"தான். ஒரு மத்தியானம் அவள் பட்டறைக்குள் நாத்தனார் ஓடி வருகிறாள். கையில் சொட்டச் சொட்ட ஒரு நோட்டு. நாத்தனார் ஐந்து வருடம் தேனீக்களைக் கவனித்து எழுதிய ஆராய்ச்சிக் குறிப்பு, ஒரே பிரதி. மாடிக் குழாய் உடைந்துவிட்டது.

"போச்சு அண்ணி! வெயில்ல வைக்கட்டா?"

"வச்சா எல்லாம் ஒட்டிக்கும், பிரிக்கவே வராது. கொடு இங்க. போட்டோவாவது எடுத்து வைன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"இப்பவா திட்டுவீங்க?"

"சரி, பாக்கி அப்புறம். ஓடிப்போய் ஃப்ரீசர்ல இடம் பண்ணு."

(ஃப்ரீசர் எதற்கு? ஈரத்தாள்கள் காயும்போது ஒன்றோடொன்று ஒட்டும். அதற்குள் மையும் பரவும். உறையவைத்தால் இரண்டும் அப்படியே நிற்கும். பிறகு அந்தப் பனி, தண்ணீராக உருகாமலே, வாரக்கணக்கில் ஆவியாகப் போய்விடும். எவ்வளவு அழகான வேலை!)

3

எனக்கு ஒரு சந்தேகம். தொட்டதற்கெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்பவள் இப்போது ஏன் சொல்லவில்லை? இரண்டு முறை சொல்லவைத்துப் பார்த்தேன். மசியவில்லை. நோட்டைப் பிளாஸ்டிக் தாளில், ஆவி போக வழிவிட்டு, சுற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அகராதியின் ஓட்டை தெரிந்தது. எதுவுமே மிஞ்சாவிட்டால் அந்தச் சொல்லைச் சொல்வது யார்? சொல்ல ஒரு வாய் மிஞ்சியிருக்கிறது. வாய் இருந்தால் பக்கத்தில் கையும் இருக்கும்.

4

முடிவு ஒன்று: எல்லா எழுத்தும் பிழைத்தன. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு இரண்டு: எல்லாம் நீலக் கறை. நாத்தனார் அழுதாள், நான் பேனாவை... வேண்டாம்.

எட்டு வாரம் கழித்து நோட்டு மேசைமேல் இருக்கிறது. உப்பியிருக்கிறது, ஆனால் காய்ந்திருக்கிறது.

"நீங்களே பிரிங்க அண்ணி, நான் கிழிச்சுடுவேன்."

மழுங்கிய கத்தி அட்டைக்கடியில் நுழைகிறது. முதல் பக்கம் திறக்கிறது. ஓரம் கலங்கினாலும் படிக்க முடிகிறது: "காலை ஆறு பத்து. ஒரு தேனீ வெளியே வந்தது."

"வந்துடுச்சு!" என்கிறாள் நாத்தனார்.

இன்னும் நூற்றுத் தொண்ணூறு பக்கங்கள். அடுத்ததை நீங்கள்தான் புரட்ட வேண்டும். அவசரமில்லை. ஒன்றே ஒன்று: விரலில் எச்சில் தொட்டுவிடாதீர்கள்.