மூன்றாவது கையெழுத்து

இன்று மாலை வகுப்பில் நான் பேச வேண்டிய நாள். ஒரு பழைய பேரரசு ஏன் சரிந்தது என்று ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். பேசாதவர்கள் ஆண்டுத் தேர்வு எழுத முடியாது. ஒரு மாதமாகக் குறிப்பெடுத்து இருபத்து மூன்று காரணங்கள் சேர்த்திருந்தேன். காரணத்துக்கு ஓர் அட்டை. பஞ்சம், கொள்ளைநோய், வாரிசுச் சண்டை, சோர்ந்துபோன படை. எதை முதலில் வைத்தாலும் மற்றவற்றுக்குத் துரோகம் செய்வது போலிருந்தது.

"அந்த ராஜ்ஜியம் விழுறதுக்கே இவ்வளவு நேரம் ஆயிருக்காதுடா," என்றாள் அக்கா, நான் காலையில் அட்டைகளை அடுக்குவதைப் பார்த்து.

பகலில் எனக்கு பஸ் டெப்போவின் உதிரிபாக ஸ்டோரில் வேலை. எந்தப் பொருள் வெளியே போனாலும் சீட்டில் மெக்கானிக், ஃபோர்மேன் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். போன மாதம் மேனேஜரின் கையெழுத்தையும் சேர்க்க வைத்தேன். அது என் யோசனை. நல்ல யோசனையா என்று இரண்டு நாள் தூங்காமல் யோசித்துத்தான் சொன்னேன்.

மாமா, அக்காவின் கணவர், அங்கேதான் மெக்கானிக். மூன்று மணிக்கு ஃபேன் பெல்ட் கேட்டு வந்தார். சீட்டில் இரண்டு கையெழுத்துதான் இருந்தது.

"மேனேஜர் நாளைக்குத்தான் வருவாரு. குடு மச்சான்."

"நானே மீறினா எப்படி மாமா?"

"சரி சாமி. அரண்மனை உத்தரவு வரட்டும்." கிரீஸ் கையால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

ஐந்து மணிக்கு ஸ்டோரைப் பூட்டிவிட்டு டெப்போ வாசலில் நின்றேன். வகுப்பு ஆறு மணிக்கு. ஐந்தேகால் பஸ் ஐந்தரை ஆகியும் வரவில்லை. மாமாவுக்கு போன் செய்தேன்.

"அதுவா? பெல்ட் இல்லாம நிக்குது மச்சான். நாளைக்கு உத்தரவு வந்ததும் கிளம்பிடும்."

என் பின்னால் பதினோரு பேர் காத்திருந்தார்கள். எண்ணிவிட்டுத்தான் ஓடினேன்.

ஸ்டோரைத் திறந்து பெல்ட்டை நீட்டினேன். சீட்டில் மூன்றாவது கட்டத்தை அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதி, கீழே தேதி போட்டேன்.

"இந்த அவசரத்துலயும் தேதி போடுறான் பாரு," என்றபடி மாமா வண்டிக்கு அடியில் போனார்.

வகுப்புக்குள் நுழைந்தபோது மற்றவர்கள் பேசி முடித்திருந்தார்கள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. ஒரே ஒரு காரணம் சொல்லுங்க."

அட்டைக் கட்டிலிருந்து பத்தொன்பதாவதை உருவினேன். வலுவில்லாத காரணம் என்று நான் பின்னால் தள்ளி வைத்திருந்தது. எல்லையில் கோட்டைக் கதவு உடைந்தாலும் அதைச் சரிசெய்யத் தலைநகரின் சம்மதம் வேண்டும், அது வரும்வரை எதிரி வெளியே காத்திருக்க மாட்டான் என்றேன்.

"ஆதாரம்?"

அட்டையின் பின்புறம் காலியாக இருந்தது. வேறு வழி தெரியாமல் ஃபேன் பெல்ட்டைப் பற்றிச் சொன்னேன். கடைசி பெஞ்சு வரை சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தபடியே என் பெயருக்கு எதிரே ஒரு டிக் போட்டார்.

"தேர்வு எழுதலாம். ஆனா அதுல பஸ்ஸ விட்டுட்டு பேரரசுலேர்ந்து ஆதாரம் குடுங்க."

வீட்டில் அக்கா தட்டை வைத்தாள். "என்னடா, ராஜ்ஜியம் விழுந்துச்சா?"

"விழுந்துச்சுக்கா."

"அப்ப அந்த மூணாவது கையெழுத்த எடுக்கச் சொல்லி எழுதிக் குடு மச்சான்," என்றார் மாமா.

"பஸ்லயே எழுதிட்டேன் மாமா. முதல்ல நீங்க போடுங்க, அப்புறம் ஃபோர்மேன் போடணும்."