பம்பு நின்ற வாரம்

ரெங்கசாமி மேல் எனக்குப் பொறாமை என்பது பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஆபீஸுக்குக் கீழே தோசை சுடுகிறவருக்குக்கூடத் தெரியும். மறைக்கிற ஆள் நானில்லை. நிலவியல் படித்துவிட்டு ஆறு வருஷமாக நான் பாறையோடு மாரடிக்க, நேற்று வந்தவனுக்கு ரவாங் வேலையைத் தூக்கிக் கொடுத்தால் வயிறு எரியாதா?

அது லேசுப்பட்ட வேலையுமில்லை. எண்பத்தெட்டில் ரவாங்கில் ஓர் எண்ணெய்த் தொழிற்சாலை, செம்பனை எண்ணெயை மார்ஜரினாக இறுக வைக்க ஹைட்ரஜன் வாயுவைப் பயன்படுத்தி வந்தது. அதை மலைக்குள் குடைந்த பாறை அறையில் அடைத்து வைக்கலாமா, கசியுமா என்று நாங்கள் சொல்ல வேண்டும். மலையடியில் ஒரு கம்பம், சின்னக் கிராமம். கசிந்து ஒரு வீட்டுக் கூரைக்கடியில் தேங்கினால், அடுப்பு பற்ற வைக்கிறவள் கதி அவ்வளவுதான்.

ரெங்கசாமி சீனப் பெருநாள் வாரத்தில் அறைக்குள் காற்றை அழுத்தி அடைத்துச் சோதித்தான். பக்கத்துக் கல் குவாரி மூடியிருக்கும், வெடி கிடையாது, கருவிகள் அதிராது என்பது அவன் கணக்கு. அழுத்தம் இம்மிகூட இறங்கவில்லை. பாஸ் பழனியப்பன் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி, "கெட்டிக்காரன்லா!" என்றார். என்னை அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

அவன் சோதனையில் ஓர் ஓட்டையாவது கண்டுபிடித்தே தீருவது என்று அடுத்த வாரம் தனியாக ரவாங் போனேன். குவாரி திறந்திருந்தது. பள்ளத்தில் ஊறும் தண்ணீரைப் பெரிய பம்பு இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அட, இது பெருநாளுக்கு நின்றிருக்குமே! பாறை அறைக்கு மேலே இருந்த ஆழ்துளைக் கிணற்றில் டேப்பை இறக்கினேன். அவன் சோதித்தபோது குறித்து வைத்திருந்த மட்டத்தைவிடத் தண்ணீர் வெகுவாகக் கீழே போயிருந்தது.

கருங்கல்லில் மயிரிழை வெடிப்புகள் இருக்கும். அவற்றில் தண்ணீர் நிறைந்து நிற்கிறவரைதான் வாயு வெளியேறாது. பம்பு நின்ற அந்த வாரம் தண்ணீர் ஏறி வெடிப்புகளை அடைத்திருந்தது. இப்போது அவை காய்ந்துகொண்டிருந்தன. காற்றே கசியும் என்றால், அதைவிடப் பொடிசான ஹைட்ரஜனைக் கேட்கவே வேண்டாம். சந்தோஷத்தில் அங்கேயே கைகொட்டிச் சிரித்தேன். கீழே கம்பத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

பாஸிடம் ஓடினேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தங்கமணி, போதும்லா. அவன் என்ன பண்ணாலும் ஒனக்குக் குத்தந்தான்."

"பாஸ், இது அப்படியில்ல. கிணத்துல தண்ணி எறங்கிடுச்சு, நானே அளந்தேன்!"

"போன மாசம் அவன் வாங்கின டிரில் சரியில்லன்ன. அதுக்கு முந்தி அவன் சட்டை சரியில்லன்ன. நாளைக்கு ஃபேக்டரி மேனேஜர் சின்னையா வராரு. போ, வேலையப் பாரு."

சட்டையைப் பற்றிச் சொன்னது உண்மைதான். அந்தப் பச்சையைப் போட்டுக்கொண்டு யாராவது வெளியே வருவார்களா?

அந்த ஆபீஸில் யார் சொன்னால் எடுபடும் என்று எனக்குத் தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு ரெங்கசாமியின் மேசைக்குப் போனேன்.

"பெருநாளுக்குக் குவாரி பம்பு ஓடுச்சா?"

அவன் முகம் வெளுத்தது. "ஐயோ, அக்கா! வெடியத்தான் யோசிச்சேன். பம்ப யோசிக்கலையே."

"நாளைக்கு நீயே சொல்லிடு. நான் சொன்னா எவனும் நம்பமாட்டான்."

நான் கண்டுபிடித்ததைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டேன். பேரை அவனே எடுத்துக்கொள்வான், திருட்டுப் பயல் என்று ஆயுசுக்கும் திட்டலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மறுநாள் அவன் எழுந்து, தன் சோதனை செல்லாது, பம்பு ஓடும்போது மறுபடி செய்து பார்க்காமல் வாயுவை இறக்கக்கூடாது என்றான். சின்னையா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். கம்பம் தப்பித்தது. பிறகு அவன் என் பக்கம் கையை நீட்டினான்.

"இதக் கண்டுபிடிச்சது நானில்ல. தங்கமணி அக்காதான். தப்பு என்னோடது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆறு வருஷமாக நான் காத்திருந்த நிமிஷம். பாஸ் கண் கலங்கி எழுந்தார். நேராக வந்தவர், என்னைத் தாண்டிப் போய் ரெங்கசாமியைக் கட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களா? தன் தப்பத் தானே சொல்றான். இந்த மனசு யாருக்கு வரும்லா?"

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பாவி, திட்டுவதற்குக்கூட எனக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை.