போர்வையில் தைத்த பெயர்கள்

கிளைட் பர்டிக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னதற்குத் தலையை ஆட்டினாரே தவிர கால் நகரவில்லை. ரிசீடா ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்தும் மூப்பர், லோர்னா ஹாஸ்கெல்லின் கணவர் எவரெட்டின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். அப்படிப்பட்ட மனிதர் கண்ணாடியை உடைத்துவிட்ட பையன் மாதிரி நின்றது லோர்னாவுக்கு வேடிக்கையாக இருந்தது, அவர் வாயைத் திறக்கும் வரை.

"உங்க ஒட்டுப்போர்வையக் கேட்டு வெர்னா வருவா. சர்ச் கண்காட்சியில மாட்டணுமாம். குடுக்காதீங்க லோர்னா."

"ஏன்? உங்க வீட்டம்மாவும் சேந்து தைச்சதுதானே?"

"அதனாலதான் சொல்றேன்." அவர் கழுத்து சிவந்தது. "அத நான் பாத்துட்டேன். ஒரு வீடியோ டேப்புல."

லோர்னா கதவைப் பிடித்துக்கொண்டாள். எந்த டேப் என்று அவள் கேட்கவில்லை.

"கால்மாட்டுல நீலக் கட்டம். வெர்னா பர்டிக்னு பளிச்சுனு தெரியுது. எங்க சாப்பாட்டு மேசையில வெச்சு அவ தைச்சது எனக்குத் தெரியாதா? எரிச்சிடுங்க. எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லுங்க."

"அந்த டேப்பு உங்க கைக்கு எப்படி வந்துச்சு கிளைட்?"

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

முன்பெல்லாம் அந்த மாதிரிப் படம் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பள்ளத்தாக்கு ஆண்கள் மலை தாண்டி நகரத்துக்குப் போகவேண்டும். தெரிந்தவன் எவனாவது பார்க்கிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு தியேட்டருக்குள் நுழைய வேண்டும். வீடியோ வந்ததும் அந்தச் சிரமம் போயிற்று. கடையின் பின்பக்கத் திரையை விலக்கி ஒரு டேப்பை எடுத்து, ரொட்டியோடும் பாலோடும் ஒரே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். படம் எடுக்கிறவர்களும் வீடு தேடி வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது அகலமான படுக்கையறை, வெளிச்சம் விழும் ஜன்னல், வாயைத் திறக்காத வீட்டுக்காரி. போலீஸ் மோப்பம் பிடிப்பதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். இப்படித்தான் மேனி என்ற தயாரிப்பு நிர்வாகி லோர்னாவின் கதவைத் தட்டினான். அக்கம்பக்கத்தில் சோப்பு விளம்பரம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றான். அவளும் அப்படியே சொன்னாள்.

மேனி ஒழுங்கானவன். வந்ததும் ஒவ்வோர் அறையையும் போலராய்டு கேமராவில் படம் எடுத்து வைத்துக்கொள்வான். போகும்போது சாம்பல் கிண்ணம்கூட இருந்த இடத்துக்குத் திரும்பிவிடும். சுவரிலிருக்கும் குடும்பப் படங்களைக் கழற்றி அலமாரியில் வைப்பான். எவரெட்டின் படத்தை மட்டும் துண்டில் சுற்றி வைப்பான். வீட்டுக்காரர்களின் துணியை ஒருபோதும் படுக்கையில் விரிக்கமாட்டான், அது அவன் தொழில் தர்மம். லோர்னா சமையலறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு மக்ரோனி சமைப்பாள். மதியம் நடிக்க வந்தவர்கள் எல்லோரும் குளியல் அங்கியோடு அவள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பல்வலியையும் கார் தொல்லையையும் பேசிக்கொண்டு சாப்பிடுவார்கள். "அம்மா, இன்னும் கொஞ்சம் போடுங்க" என்பார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. எவரெட் சாகக் கிடந்தபோது சர்ச் பெண்கள் ஆளுக்கொரு கட்டம் தைத்து, அதில் தங்கள் பெயரையும் பின்னிக் கொடுத்த போர்வை அலமாரியில் இருந்தது. அடக்கம் முடிந்த பிறகு அந்தப் பெண்கள் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒருநாள் மேனி கொண்டுவந்த விரிப்பில் யாரோ காப்பியைக் கொட்டிவிட்டார்கள். "ஏதாவது ஒரு போர்வை குடுங்கம்மா, வெளிச்சம் போகுது" என்று அவன் கெஞ்சினான். பழைய கம்பளி இரண்டு இருந்தன. அவள் ஒட்டுப்போர்வையை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் படத்தில் போர்வையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் எடுத்துக் கொடுத்தபோது மனசுக்குள் ஒரு குரூரமான திருப்தி இருந்தது. ராத்திரி அதைத் துவைத்தாள், மறுநாளும் துவைத்தாள். சாயம் வெளுத்ததே தவிர அந்தத் திருப்தியின் நாற்றம் அவளை விட்டுப் போகவில்லை.

கிளைட் சொன்னபடியே வெர்னா, ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரத்தோடு வந்தாள். லோர்னா எலிக் கதையை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள்.

"ஓபலுக்குக் கண்ணு சுத்தமாப் போயிடுச்சு லோர்னா. அவ தைச்ச கட்டத்த ஒருதரம் தொட்டுப் பாக்கணுமாம். நீ எங்க வெச்சிருக்கியோன்னு கேட்டுக்கிட்டே இருக்கா." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துச் சொன்னாள். "நாங்க இங்க வந்திருக்கணும். வரல. அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு."

எலி தொண்டையிலேயே நின்றுவிட்டது. லோர்னா எழுந்து போய்ப் போர்வையை எடுத்துவந்தாள்.

கண்காட்சி நாளன்று சீக்கிரமே போய்க் கால்மாட்டு வரிசையை உள்ளே மடித்து ஊசி குத்தி வைத்தாள். வெர்னா பார்த்துவிட்டாள். "இதென்ன கூத்து, நாங்கெல்லாம் அங்கதானே இருக்கோம்!" என்று சிரித்துக்கொண்டே ஊசிகளை உருவினாள். போர்வை முழு நீளத்துக்கு இறங்கித் தொங்கியது.

ஆண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். கிளைட் நேராகக் காப்பிப் பாத்திரத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். பாட்டுக்குழுத் தலைவர் எல்லாப் போர்வைகளையும் நிதானமாகப் பார்த்து வந்தார், இதன் முன் மட்டும் சட்டென்று நின்றார், பிறகு அவரும் காப்பிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பொருளாளர் போனார். மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கோப்பையில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள். யாரும் குடிக்கவில்லை. லோர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடிவிடலாமா என்றிருந்தது.

அதற்குள் ஓபலை அழைத்துவந்துவிட்டார்கள். லோர்னாதான் அவள் கையைப் பிடித்துக் கட்டத்தின் மேல் வைத்தாள். சுருங்கிய விரல் நூலின் மேல் ஊர்ந்து, தன் பெயரை எழுத்தெழுத்தாகத் தடவிக் கண்டுபிடித்தது.

"உண்மையச் சொல்லு பொண்ணே. ஒருதரமாவது விரிச்சியா, இல்ல பெட்டியிலயே வெச்சுப் பூட்டிட்டியா?"

"விரிச்சேன்" என்றாள் லோர்னா. "ஒரு தடவ."

"அது போதும்." ஓபல் முகமெல்லாம் சிரித்தாள். "நாலு பேரு பாக்கட்டும்னுதானே தைச்சோம்?"

காப்பிப் பாத்திரத்தின் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. கிழவி விரலை எடுக்கவில்லை. அதைப் பிடித்திருந்த லோர்னாவின் கையும் அந்தப் பெயரின் மேலேயே இருந்தது.